முறைவைத்துக் கற்றல்

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஹதீஸ் தொகுப்பில் கல்வியைப் பற்றிய பகுதியைப் பாடம் நடத்தும்பொழுதெல்லாம் ஒரு சிறு தலைப்பின் முன் நான் சற்று நின்றுவிடுவது வழக்கம். கல்வியில் முறைவைத்துக்கொள்ளுதல் என்பது அத்தலைப்பின் பொருள். ஹழரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப்புறத்தில் குடியிருந்தார்கள். அங்கிருந்து இறங்கி வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவையில் அமர்ந்தால் அன்றைய வேலை நின்றுபோகும்; வேலையைப் பார்த்தால் அவை தவறிப்போகும். ஆகவே அண்டை வீட்டு அன்சாரித் தோழர் ஒருவரோடு அவர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நாள் அவர் செல்வார். மறுநாள் இவர் செல்வார்கள். சென்றவர் தாம் கேட்டவற்றை வந்து மற்றவருக்குச் சொல்ல வேண்டும். இந்த நிகழ்ச்சிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், கற்க வந்தவன் தன் பிழைப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

எங்கள் பூம்புகார்ப் பகுதி மாணவர்களுக்கு 'முறை' என்ற சொல்லுக்கு நான் பொருள் சொல்ல வேண்டியதில்லை. காவிரி கடலில் கலக்கும் கடைமடை இது. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் கல்லணையிலிருந்து காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள், புதிய கால்வாய்க்குச் சில நாள் என்று முறைவைத்துத் திறப்பார்கள். முறை வரும் நாளில் மடையடியில் நிற்காதவன் வயல் காய்ந்துபோகும். இரவு இரண்டு மணிக்கு அரிக்கேன் விளக்குடன் வாய்க்காலுக்குச் சென்றுவந்த பெரியவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

இக்கட்டுரைக்குக் காரணமாக அமைந்தவள் என் தமக்கையாரின் மகள். மேலையூரில் 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பூம்புகார்க் கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்று, சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்றாண்டுகளாகப் பணியாற்றி வந்தாள். என் மச்சான் காலமான பிறகு அவள் சம்பளமே அந்த வீட்டின் அடுப்பு. அவளுக்குப் பின்னால் ஒரு தம்பி. அப்பொழுது அவன் கல்லூரியின் இறுதியாண்டில் இருந்தான்.

மேலாண்மைக் கல்வி கற்க வேண்டும் என்பது அவள் ஆசை. இந்திய மேலாண்மைக் கழகங்களைப் பற்றி நம் குடும்பங்களில் பலருக்கு இன்னமும் தெளிவான எண்ணம் இல்லை. மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாயில்களுக்கு அப்பால் நம் பெற்றோரின் பார்வை செல்வது அரிது. 1961ஆம் ஆண்டு கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கிய இக்கழகங்கள், 1973இல் பெங்களூருக்கும், 1996இல் கோழிக்கோட்டுக்கும், 2011இல் நம் திருச்சிராப்பள்ளிக்கும் வந்தன. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் பிற்பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், 'கேட்' எனப்படும் பொது நுழைவுத் தேர்வு நடைபெறும். 2009ஆம் ஆண்டிலிருந்து இது கணினியில் எழுதும் தேர்வு. அதில் தேறியவர்களைப் பிப்ரவரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பார்கள். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு அதற்காகத் தனி மதிப்பெண் தரும் கழகங்களும் உண்டு. ஆகையால் வேலையில் இருந்துகொண்டே இதற்கு முயல்பவர்கள் ஆண்டுதோறும் ஏராளம்.

2024 நவம்பர் 24ஆம் நாள் அவள் தேர்வெழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ஆகையால் விடுப்புத் தேவைப்படவில்லை. ஸஹர் நேரத்தில் எழுந்து இரண்டு மணி நேரம் படிப்பதும், மாலையில் விடுதிக்குத் திரும்பி மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கணக்குப் போடுவதுமாக எட்டு மாதங்கள் கழித்திருந்தாள். மத்ரஸாக்களில் ஓதப்படும் ஸர்னூஜியின் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற நூல் கற்பவனுக்கு ஏற்ற வேளைகளாகச் சொல்வதும் இவ்விரண்டையே. அவள் அந்நூலைக் கண்டதில்லை. அலுவலகத்துக்குக் கொடுத்ததுபோக அவளிடம் மிஞ்சிய வேளைகள் அவைதாம்!

டிசம்பரில் முடிவு வந்தது. ஜனவரி இறுதிக்குள் மூன்று அழைப்புகள் வந்தன. அதன் பிறகே உண்மையான தேர்வு தொடங்கிற்று எனலாம்.

முதல் அழைப்பு சென்னையிலேயே, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. இரண்டாவது பெங்களூரில், மார்ச் முதல் வாரத்தில் ஒரு வேலைநாள். மூன்றாவது மார்ச் நடுவில், முற்பகல் பதினொன்றரை மணிக்கு, கணினித் திரையின் வழியாக. நேர்காணல் காலம் கணக்குப் பிரிவில் உள்ளவர்களைத் தேடிவந்து தாக்குவதுபோல் அமைந்திருக்கிறது. பிப்ரவரி, மார்ச் என்பது நிதியாண்டு முடியும் காலம். அவள் நிறுவனத்தில் மார்ச் 10ஆம் நாளிலிருந்து மாத இறுதிவரை நோயும் சாவும் தவிர வேறெதற்கும் விடுப்பு இல்லை என்று ஆண்டுதோறும் அறிவிப்பு ஒட்டுவார்களாம். போதாக்குறைக்கு அவ்வாண்டு மார்ச் 2ஆம் நாள் ரமலான் பிறந்தது. மார்ச் 31 அன்று பெருநாளும் கணக்கு முடிக்கும் நாளும் ஒன்றாகவே வந்தன. அரசுக் கணக்கு வழக்குகளுக்காக வங்கிகள் சில அன்று திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நேர்காணல் என்பது இவ்வளவு இடர்ப்படத் தகுந்த ஒன்றுதானா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறே இருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரி இடங்களுக்கும் இங்கு நேர்காணல் இருந்தது. 1970ஆம் ஆண்டில் பெரியகருப்பன் என்ற மாணவர் தமிழ்நாட்டு அரசின்மீது தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மொத்தம் 275 மதிப்பெண்களில் 75 நேர்காணலுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. நேர்காணலோ சராசரியாக மூன்று நிமிடங்களுக்குமேல் நீளவில்லை. வகைவகையாகப் பிரித்து இட வேண்டிய மதிப்பெண்ணை மொத்தமாக இட்டுவிட்டார்கள். இவற்றை நீதிமன்றம் குறை கண்டது. பின்னர் ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், 1980 நவம்பரில், நேர்காணலுக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஒதுக்குவது முறையாகாது என்றும், கேள்வி பதில்களை ஒலிநாடாவில் பதிவு செய்துவைப்பது நல்லது என்றும் கூறினார்கள். தமிழ்நாட்டில் 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 1997இல் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. மாநிலத்தின் அந்த நுழைவுத் தேர்வும் பின்னர் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. 2018இலிருந்து பொறியியல் கலந்தாய்வே இணையத்துக்கு மாறிவிட்டது. ஆயினும் மேலாண்மைக் கல்வியில் நேர்காணல் நிலைத்து நிற்கிறது. ஒருவர் எப்படிப் பேசுகிறார், எப்படிச் சிந்திக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மத்ரஸாவில் உஸ்தாத் எதிரே அமர்ந்து வாய்மொழித் தேர்வு கொடுத்து வளர்ந்தவன் நான்; அக்காரணத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அழைக்கப்படுபவன் எங்கோ ஓரிடத்தில் கூலிக்கு நிற்பவனாயிருக்கக்கூடும் என்ற நினைவு அழைப்பவர்களுக்கு வேண்டும்.

முதல் நேர்காணலுக்குப் பெருந்தடை ஏதும் இல்லை. அரை நாள் அனுமதி பெற்றுச் சென்றுவந்தாள். அதற்கு முன்பு ஊரில் நடந்த ஓர் அலைச்சலைச் சொல்ல வேண்டும், பிறருக்குப் பயன்படும். மாநிலக் கல்லூரிகளுக்காகப் பெற்ற சாதிச் சான்றிதழ், அதாவது பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று குறிப்பிடும் சான்றிதழ், அவளிடம் இருந்தது. 2007ஆம் ஆண்டில் நமக்குக் கிடைத்த மூன்றரை விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு உதவுவது அதுதான். மத்திய அரசின் நிறுவனங்களுக்கு அது போதாது. அங்கே இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காட்டில் இடம் கேட்க வேண்டுமானால், வளமான பிரிவினர் அல்லர் என்று மத்திய அரசின் படிவத்தில் வட்டாட்சியர் வழங்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். அதிலும் நடப்பு நிதியாண்டுக்குள் பெற்றதையே பல நிறுவனங்கள் ஏற்கின்றன. வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் தங்கள் சம்பளத்தால் இத்தகுதி போய்விடும் என்று அஞ்சி விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அவ்வச்சம் தேவையற்றது. பெற்றோரின் நிலையைத்தான் பார்ப்பார்கள். விண்ணப்பிப்பவரின் சொந்தச் சம்பளம் அக்கணக்கில் சேராது.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுத்தபின், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று படிகள் ஏற வேண்டும். வீட்டில் வந்து விசாரிக்கும்பொழுது விவரம் சொல்ல ஆள் வேண்டும். சென்னையிலிருந்து அவள் வர இயலாது. தமக்கையாருக்கு அலுவலக நடைமுறை தெரியாது. சீர்காழிக்கு மூன்று தடவை நான் சென்றேன். மக்தபில் காலை வகுப்பை அந்நாட்களில் நண்பர் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவர் மகள் திருமண வேலையின்பொழுது அவர் வகுப்பை நான் எடுத்துக் கடன் தீர்த்தேன்.

இனி இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். மூன்றாம் நேர்காணலின் நாள் வந்தவுடன் அவள் அந்நிறுவனத்துக்குப் பணிவாக ஒரு மடல் எழுதினாள். மாலை நேரமோ சனிக்கிழமையோ ஒதுக்க இயலுமா என்று கேட்டாள். ஒதுக்கிய நாளையும் நேரத்தையும் மாற்றுவதற்கில்லை என்று ஒரே வரியில் விடை வந்தது. பல்லாயிரம் பேரை அழைப்பவர்களுக்கு அவர்களுடைய இடர்ப்பாடு இருக்கும். ஆனாலும் அந்த ஒரு வரி இன்னும் சற்று நீண்டிருக்கலாம்.

அலுவலகத் தோழியர் அவளுக்கு எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். அன்று காலையில் வயிற்றுவலி என்று செய்தி அனுப்பிவிட்டு விடுதியில் அமர்ந்து நேர்காணலை முடித்துவிட வேண்டியதுதான். மருத்துவச் சான்றும் வாங்கித் தர ஆள் இருக்கிறது. இன்னொருத்தி அதைவிடச் சுலபமான வழி சொன்னாள். அலுவலகத்திலேயே கூட்ட அறை ஒன்று காலியாக இருக்கும், உணவு இடைவேளையைச் சற்று முன்னே இழுத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிடலாம், யாருக்கும் தெரியாது.

அன்றிரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, உடம்பு சரியில்லை என்று எழுதினால் பாவமா? உள்ளபடி சொன்னால் வேலையை விட்டுப் போகிறவள் என்று முத்திரை குத்திவிடுவார்கள். இடமும் கிடைக்காமல், இங்கே பெயரும் கெட்டுப்போனால் அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன்?" என்று கேட்டாள்.

மார்க்கம் கற்றவனிடம் இப்படி ஒரு கேள்வி வரும்பொழுது இரண்டு விதமான சோம்பல் அவனை இழுக்கும். "பொய் பாவம்" என்று ஐந்து எழுத்தில் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவது ஒன்று. "காலம் அப்படி, அல்லாஹ் மன்னிப்பவன்" என்று தட்டிக்கொடுப்பது மற்றொன்று. ஒரு வீட்டின் அடுப்பு அக்கேள்விக்குள் எரிந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு கிதாபுகளைப் புரட்டினேன்.

ஃபிக்ஹு நூல்கள் கூலியாளை இருவகையாகப் பிரிக்கின்றன. தையற்காரரைப் போல், ஒரு வேலையை முடித்துத் தருவதாக ஏற்றுக்கொள்பவர் ஒருவகை. அவர் எப்பொழுது தைக்கிறார் என்பது அவர் பாடு. குறித்த காலம் முழுவதையும் ஒருவருக்கென ஒப்புக்கொண்டவர் மற்றொரு வகை. அவருடைய நேரமே விலைக்குக் கொடுக்கப்பட்ட பொருள். என் தமக்கை மகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். ஒன்பதரையிலிருந்து ஆறு வரை அவள் நேரம் அவளுடையதன்று. தொழுகைக்கும் உணவுக்கும் உள்ள இடைவேளை அவளுடையது. விடுப்பாகச் சேர்ந்த நாட்கள் அவள் உழைத்து ஈட்டியவை. அவற்றைப் பெறும்பொழுது காரணத்தை விளக்கும் கடமை, நிறுவனத்தின் விதி கேட்டாலன்றி, அவளுக்கு இல்லை.

ஆகவே கூட்ட அறை யோசனை முதலில் விழுந்தது. அது பிறருடைய நேரத்தையும் பிறருடைய இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாகும். வயிற்றுவலி யோசனையும் நிற்கவில்லை. அறிவிப்பில் நோய்க்கு மட்டுமே விலக்கு என்று எழுதியிருந்ததால், நோய் என்று எழுதுவது அந்த வாயிலைத் திறப்பதற்கான பொய்ச் சாவி. கேட்பவர் ஒன்றை நினைத்துக்கொள்ளும்படி இருபொருள்படப் பேசும் 'தவ்ரியா'வுக்கு நெருக்கடியில் அனுமதி உண்டு என்பது உண்மைதான். எனினும் மற்றவருடைய உரிமை ஒன்று அதனால் குறைவுபடும் இடத்தில் அதை நீட்டக் கூடாது என்பதே என் கருத்து. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நாளைக் கேளாதே, இரண்டு மணி நேரம் கேள். சொந்த அலுவல் என்று எழுது. அந்த இரண்டு மணி நேரத்தை அன்று மாலையே ஈடு செய்வதாகவும் எழுது. என்ன அலுவல் என்று அவர் வாய்விட்டுக் கேட்டால் உள்ளதைச் சொல். கேளாதவரிடம் நீயாகச் சொல்ல வேண்டியதில்லை" என்றேன்.

சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "கேட்பார் மாமா" என்றாள்.

நம் சமுதாயத்தில் வேலையையும் கல்வியையும் பகைப்பொருள்களாகக் கருதும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கினால் படிப்பு முடிந்துவிட்டது என்று பொருள் கொள்கிறோம். நம் முன்னோர்களின் பெயர்களைப் பாருங்கள். வக்ஃபு சட்டத்தில் நூல் செய்த கஸ்ஸாஃப் அவர்களின் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள்; அத்தொழிலில் வந்த வருவாயில்தான் உண்டார்கள். ஹிஜ்ரி 370இல் மறைந்த ஜஸ்ஸாஸ் அவர்களின் பெயரில் சுண்ணச் சாந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் கஃப்ஃபால் மர்வஸீ அவர்கள் பூட்டுச் செய்தவர்கள். முப்பது வயதளவில்தான் கல்விக்குத் திரும்பினார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் பட்டு வணிகம் செய்தார்கள். வணிகத்தில் பங்காளி ஒருவர் இருந்தது பாட அவைக்கு எத்தனை உதவியாயிருந்திருக்கும் என்று நான் எண்ணிப்பார்ப்பதுண்டு. அவர்களின் மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களை, வீட்டு வறுமையின் காரணமாக, பாடத்திலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்ப முயன்றார்கள் என்றும், ஆசிரியரே பணம் கொடுத்து அவரை நிறுத்திக்கொண்டார் என்றும் சரிதை நூல்கள் கூறுகின்றன. அப்படிப் பணம் கொடுக்கும் ஆசிரியர்களாக நாங்கள் இல்லை. எங்கள் சம்பளத்தை வாசகர்கள் அறிவார்கள். தாலுகா அலுவலகத்துக்கு நடப்பதும் இரயிலில் துணைக்குப் போவதும் எங்களால் ஆகும்.

பெங்களூருக்கு அப்படித்தான் துணை சென்றேன். அது தடைநாட்களுக்கு முந்திய வாரம் ஆகையால் ஒரு நாள் விடுப்பு முறையாகவே கிடைத்திருந்தது. முதல்நாள் இரவு மயிலாடுதுறையில் உழவன் விரைவு இரயில் ஏறி விடியலில் எழும்பூர் சேர்ந்தேன். அவள் அன்று மாலை வரை அலுவலகம் பார்த்தாள். நோன்பு திறந்தபின் சென்ட்ரலுக்கு வந்தாள். மைசூர் செல்லும் இரயிலுக்குக் காவேரி எக்ஸ்பிரஸ் என்று பெயர். எங்கள் ஊரில் கடலுக்குள் போய்விடும் ஆற்றின் பெயரைத் தாங்கி அது எதிர்த்திசையில் ஓடுகிறது! இரவு முழுவதும் மேல் படுக்கையின் சிறு விளக்கில் அவள் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸஹர் வேளைக்கு முன்பே பெங்களூர் வந்துவிட்டது. தமக்கையார் கொடுத்தனுப்பிய புளிச்சோற்றை நிலையப் பெஞ்சில் அமர்ந்து உண்டோம். பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு என்று நினைவூட்டினேன். "இன்றைக்கு அது வேண்டாம் மாமா, பசி இருந்தால் எனக்கு விழிப்பாக இருக்கும்" என்றாள்.

என்ன கேட்டார்கள் என்று பிறகு சொன்னாள். கணக்கியலில் இரண்டு கேள்விகள். அதன்பின் விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரைக் கண்ட ஒருவர், பூம்புகாரைப் பற்றி வணிகம் படித்தவர் என்ற முறையில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாராம். இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஊரைப் பற்றி அறியாதவன் வேறெதை அறிவான் என்று கருதும் கேள்வியாளர்கள் எங்கும் உண்டு. இரயிலில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். கடல் வழியே குதிரைகளும் தரை வழியே மிளகுப் பொதிகளும் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அப்பொருள்களுக்குச் சோழனின் புலி இலச்சினை பொறித்துச் சுங்கம் பெற்ற செய்தியும் அதில் இருக்கிறது. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கீழையூரில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபொழுது செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை வெளிப்பட்டது. அவள் சுங்க முத்திரையைப் பற்றி விரித்துச் சொன்னாளாம். சரக்கைக் காவலின்றி விட்டாலும் முத்திரை அதைக் காக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் துறைமுகம் நடக்கும் என்றும், இன்றைய தணிக்கையாளரின் கையெழுத்து அதே வேலையைச் செய்கிறது என்றும் சொன்னாளாம். அவள் அலுவலகத்தில் இரவு பகலாகச் செய்துவந்த வேலை அங்கே பேச்சாக வந்திருக்கிறது. விடுப்பெடுத்துக்கொண்டு வீட்டில் அமர்ந்து படித்தவளுக்கு இது வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

பகல் மூன்று மணிக்குப் பின் பிருந்தாவன் இரயிலில் ஏறி இரவு சென்னை திரும்பினோம். மறுநாள் ஒன்பதரைக்கு அவள் இருக்கையில் இருந்தாள்.

மூன்றாவதற்கு வருவோம். நான் சொன்னபடியே இரண்டு மணி நேரம் கேட்டு எழுதினாள். அவள் எதிர்பார்த்தபடியே மேலாளர் கேட்டார்: வேறு வேலைக்கு நேர்காணலா? வேலைக்கு அன்று, படிப்புக்கு என்றாள். இடம் கிடைத்தால் ஜூன் வரை இருப்பாள், கிடைக்காவிட்டால் தொடர்ந்து இருப்பாள் என்றும் சொன்னாள். அவர் சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்றிரவுக்குள் இன்ன கோப்பு முடிய வேண்டும் என்று மட்டும் கூறி அனுமதித்தாராம். அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஒரு தோழியின் வீட்டில் அமர்ந்து நேர்காணலை முடித்தாள். திரும்பி வந்து இரவு பத்தரை வரை இருந்து கோப்பை முடித்தாள். நோன்பைப் பேரீச்சம்பழத்தோடு மேசையிலேயே திறந்தாளாம்.

ஏப்ரலில் சம்பள உயர்வு அறிவிக்கப்பட்டபொழுது, அவள் பிரிவில் மிகக் குறைந்த உயர்வு அவளுக்கு வந்தது. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. வயிற்றுவலி யோசனை சொன்ன தோழி, "நான் அப்பொழுதே சொன்னேனே" என்றாளாம். உண்மைக்கு விலை உண்டு என்று மேடையில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். மேடைப் பேச்சுக்குச் செலவில்லை. விலை அந்தப் பெண்ணின் சம்பளச் சீட்டிலிருந்து கழிந்தது. தமக்கையார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மாதம் அவ்வீட்டில் எதெது நின்றது என்பதை நான் அறிவேன். இன்று அதே கேள்வி வந்தாலும் அதே விடையைத்தான் சொல்வேன். சொல்லும்பொழுது அந்தச் சீட்டும் என் கண்முன் இருக்கும்.

மே மாதத்தில் முடிவுகள் வந்தன. இரண்டில் இடம் இல்லை, ஒன்றில் கிடைத்தது. அத்தோடு அடுத்த கேள்வி எழுந்தது. ஈராண்டு முழுநேரப் படிப்பு என்றால் ஈராண்டு சம்பளம் இல்லை. வேலையை விடாமல் வார இறுதியில் மட்டும் சென்று படிக்கும் வகுப்புகளும் இருக்கின்றன. திருச்சிக் கழகமே வேலையில் இருப்போருக்கெனச் சென்னையில் அப்படி நடத்துகிறது. அதைப் பற்றியும் ஆலோசித்தோம். இப்பொழுது கிடைத்திருக்கும் இடத்தை விட்டுவிட்டு அதற்காக இன்னோர் ஆண்டு காத்திருக்க அவள் விரும்பவில்லை. கட்டணத்துக்கு வங்கிக் கடன் என்றால் வட்டி வந்து நிற்கிறது. அதைப் பற்றிய மார்க்கத் தீர்ப்புகளைத் தனியே எழுத வேண்டும், இங்கு இடமில்லை. உறவினர் நால்வர் தவணையாகக் கொடுத்த கைமாற்றும், கல்வி உதவித்தொகையும், விற்ற ஒரு வளையலும் சேர்ந்து முதல் பருவக் கட்டணம் ஆயிற்று.

வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று பேசிக்கொண்டிருந்தபொழுது, அதுவரை மூலையில் அமர்ந்திருந்த தம்பி வாய் திறந்தான். அவன் அவ்வாண்டுதான் பட்டப்படிப்பை முடித்திருந்தான். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்பதாக இருந்தான். "அக்கா படித்துவிட்டு வரட்டும். நான் அதுவரைக்கும் கடைக்குப் போகிறேன்" என்றான். தமக்கையார் அழுதார்கள். ஆண்பிள்ளையின் படிப்பை நிறுத்திப் பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவதா என்று உறவில் சிலர் கேட்டார்கள். யாருடைய படிப்பும் நிற்கவில்லை, முறை மாறியிருக்கிறது என்று நான் அவர்களிடம் சொன்னேன். சிலர் ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை.

2025 ஜூன் மாதத்தில் அவள் சேர்ந்தாள். தம்பி மயிலாடுதுறையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறான். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வேலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒன்றரை மணி நேரம். விடுமுறையில் ஊருக்கு வந்த அக்காள் ஒரு பழைய நாட்குறிப்பில் அவனுக்காகப் பட்டியல் எழுதிக் கொடுத்துச் சென்றிருக்கிறாள். சட்டக் கல்லூரி விண்ணப்பம் எந்த மாதத்தில் வரும், அதற்கு எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும், சீர்காழியில் எந்தப் படிக்கு யாரைப் பார்க்க வேண்டும், கடைக்காரரிடம் எத்தனை நாள் முன்னால் விடுப்புக் கேட்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். சீர்காழிக்குரிய வரியின் எதிரில் என் பெயர் இருக்கிறது.